ஒட்டன்சத்திரத்துக்கு எந்தக் காடு?

திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ஒட்டன்சத்திரத்தைக் கடந்துதான் போகிறார்கள். தைப்பூச நாட்களில் இந்தச் சாலையில் இரவும் பகலும் நடைதான். மற்ற நாட்களில் சாலை லாரிகளுக்குச் சொந்தம். தக்காளி, முருங்கை, கத்தரி என்று சுற்றுப்பட்டு ஊர்களின் விளைச்சல் எல்லாம் இங்கே வந்து குவிந்து, பெரும்பகுதி கேரளத்துக்கு வண்டி ஏறுகிறது. தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று இது. ஊருக்கெல்லாம் காய் கொடுக்கும் ஊரில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் மரங்களுக்கிடையே நடக்கவும், குருவி பார்க்கவும், செடிகளுக்குப் பெயர் சொல்லிக் கொடுக்கவும் ஓர் இடம் வேண்டும்.

ஊரை ஒட்டி ஒரு சிறு காடு, அதற்குள் ஒரு நடைபாதை. கேட்பது இவ்வளவுதான். இதற்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் தேவையில்லை. சென்னையில் அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா 2011-ல் திறக்கப்பட்டது. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த நிலம், நீரும் செடியும் பறவையும் உள்ள இடமாக மீண்டது. நம் பக்கத்திலேயே, ஒட்டன்சத்திரம் வட்டத்து இடையகோட்டையில் 2022 டிசம்பரில் 117 ஏக்கர் நிலத்தில் 6 லட்சம் மரக்கன்றுகள் நடப்பட்டன. ஒரு வறண்ட வட்டாரத்தில் இவ்வளவு பேர் கூடி மண்வெட்டி பிடித்தது நல்ல செய்தி. மரம் வளர்க்கும் ஆசை ஊருக்கு இருக்கிறது. அந்த ஆசையோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த மண்ணுக்கும் இந்த மழைக்கும் எந்தக் காடு பொருந்தும்? அறிவியல் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. அந்தப் பதில் பலருடைய மனதில் இருக்கும் அடர்ந்த பச்சைக் காடு அல்ல.

சிறிய இடத்தில் எத்தனை உயிர் தங்கும்?

1967-ல் ராபர்ட் மெக்ஆர்தர், எட்வர்ட் வில்சன் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் தீவுகளில் வாழும் உயிரினங்களைப் பற்றி ஒரு கோட்பாட்டை நூலாக வெளியிட்டார்கள். ஒரு தீவில் எத்தனை இனங்கள் இருக்கும் என்பதை முக்கியமாக இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன என்பது அதன் சாரம். ஒன்று, தீவின் பரப்பு. மற்றொன்று, பெரிய நிலத்திலிருந்து அது இருக்கும் தூரம். வீடுகளும் சாலைகளும் சூழ்ந்த சிறு காடும் உயிரினங்களின் கணக்கில் ஒரு தீவுதான்.

பரப்பு குறையும் வேகத்தில் இனங்கள் குறைவதில்லை. பரப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் இனங்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகும் என்பது சூழலியலில் பொதுவாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. திருப்பிப் பார்த்தால், பத்தில் ஒரு பங்கு நிலத்தைக் காப்பாற்றினாலே பாதி இனங்களுக்கு இடம் கிடைக்கக்கூடும். யானைக்கும் சிறுத்தைக்கும் இது போதாது. வண்ணத்துப்பூச்சிக்கும் ஓணானுக்கும் கௌதாரிக்கும் ஐந்து ஏக்கர் என்பது பெரிய நிலம்.

பரப்போடு வடிவத்தையும் கவனிக்க வேண்டும். காட்டின் ஓரத்தில் வெயில், காற்று, தூசி, சத்தம், நாய் எல்லாம் உள்ளே நுழையும். இதை விளிம்பு விளைவு என்பார்கள். விளிம்பின் தாக்கம் 20 மீட்டர் உள்ளே வரை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் உள்ள ஒரு ஹெக்டேர் சதுர நிலத்தில், தாக்கமில்லாத உட்பகுதி 60-க்கு 60 மீட்டர். அதாவது 36 சதவீதம். அதே ஒரு ஹெக்டேரை 200-க்கு 50 மீட்டர் பட்டையாக ஒதுக்கினால் உட்பகுதி 160-க்கு 10 மீட்டராகச் சுருங்கி 16 சதவீதமாகிவிடும். நிலம் ஒன்றுதான், கிடைக்கும் காடு பாதிக்கும் குறைவு. ஊருக்காக ஒரு புறம்போக்கைக் காடாக்க ஒதுக்கும்போது, சாலையோரப் பட்டையைவிடச் சதுரமாக இருக்கும் துண்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கிண்டி சொல்லும் பாடம்

சிறு காடு என்றால் அதில் மரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று எண்ணத் தோன்றும். சென்னையின் கிண்டி தேசியப் பூங்கா வேறு கதை சொல்கிறது. ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பூங்கா 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை, இன்னொரு பக்கம் ஐஐடி, சுற்றிலும் பெருநகரம். இதற்குள் புள்ளிமானும் வெளிமானும் வாழ்கின்றன.

வெளிமான் திறந்தவெளியில் வாழும் விலங்கு. தூரத்திலேயே எதிரியைக் கண்டு பாய்ந்தோடித் தப்புவது அதன் உத்தி. அதற்குப் பார்வை மறைக்காத புல்வெளி வேண்டும். புதரும் மரமும் புல்வெளியை மூடிக்கொண்டே வந்தால் புள்ளிமானுக்குப் பிரச்சினை இல்லை, வெளிமானுக்கு நிலம் போய்விடுகிறது. ஒரு மரத்தை நட்டதாலேயே ஓர் இனம் வீடிழக்கலாம். புல்வெளி என்பது காடு வளராமல் போன வெற்றிடம் அல்ல. அதற்கென்று தனி உயிர்க்கூட்டம் இருக்கிறது. திண்டுக்கல் சமவெளியில் கௌதாரி, வானம்பாடி, தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவி எல்லாம் இந்தத் திறந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்கள்.

மியாவாக்கி கேட்ட கேள்வி

இன்று தமிழ்நாட்டில் சிறு காடு என்றாலே அகிரா மியாவாக்கியின் பெயர் கூடவே வரும். 1928-ல் பிறந்து 2021-ல் மறைந்த ஜப்பானியத் தாவரவியலாளர் அவர். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் வீதம் நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் பராமரித்து, பிறகு தானாக வளர விட்டுவிடும் முறை அவருடையது. வெளிச்சத்துக்காகக் கன்றுகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு உயரும். நம் ஊர்களில் இந்த நெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அவருடைய அடிப்படைக் கேள்வியை விட்டுவிட்டோம்.

மனிதக் கை படாமல் விட்டால் இந்த இடத்தில் இயல்பாக என்ன வளர்ந்திருக்கும்? எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் இதைக் கண்டுபிடித்துவிட்டு, அந்த இனங்களை மட்டுமே நட வேண்டும் என்பதுதான் மியாவாக்கி முறையின் உயிர். நல்ல மழை பெறும் ஜப்பானில் இந்தக் கேள்விக்கு விடை அடர்ந்த காடு. அதே கேள்வியை ஒட்டன்சத்திரத்தில் கேட்டால் வேறு விடை வரும்.

ஒட்டன்சத்திரம் பழனி மலையின் வடக்கு அடிவாரத்துக்கு அப்பால் மழை மறைவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்கு மலைகளிலேயே கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறும் காற்றாக இந்தச் சமவெளியில் இறங்குகிறது. ஆடி மாதத்தில் ஊரே புழுதியாவது அதனால்தான். ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில்தான். பெய்யும் மழையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீரை ஆவியாக்கும் சக்தி இங்கத்து வெயிலுக்கும் காற்றுக்கும் உண்டு. ஆண்டின் பெரும்பாலான மாதங்கள் செடிக்குப் பற்றாக்குறை மாதங்கள். இப்படிப்பட்ட செம்மண் சரளை நிலத்தில் ஒரு சதுர மீட்டரில் நான்கு மரங்களைக் குடிவைத்தால், நான்குக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுவதை நிறுத்தியதும் வேர்களுக்கிடையே போட்டி முற்றி, பல மரங்கள் மாயும்.

இங்கே இயல்பாக வளர்வது முட்காடு. இடைவெளி விட்டு நிற்கும் வேல மரங்கள், நடுவே புல், ஓரமாகப் புதர். இதைப் பார்க்கத் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

கொறங்காடு என்னும் பாடசாலை

காங்கேயம், தாராபுரம், மூலனூர் தொடங்கி ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் வரையிலும் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் கொறங்காடு வைத்திருக்கிறார்கள். காங்கேயம் மாடும் செம்மறியும் மேய்வதற்கென்று விட்ட மானாவாரி நிலம் அது. முட்காட்டின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு மேய்ச்சலுக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். முக்கியமாக மூன்று தாவரங்கள்: நடுவே வெள்வேல், தரையில் கொழுக்கட்டைப்புல், சுற்றிலும் கிளுவை வேலி. இந்த மூன்றும் வறட்சியைத் தாங்கும் மூன்று வெவ்வேறு வழிகளைக் காட்டுகின்றன.

வெள்வேலின் ஓர் இலையில் நூற்றுக்கணக்கான சிற்றிலைகள் இருக்கும். இதன் பின்னே நல்ல இயற்பியல் இருக்கிறது. எந்த இலையின் மேலும் மெல்லிய காற்றுப் படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். இலை அகலமாக இருந்தால் படலம் தடிமனாகி வெப்பத்தை வெளியேற விடாது. அப்போது இலை தன்னைக் குளிர்விக்க நீரை ஆவியாக்கியாக வேண்டும். சிற்றிலையின் மேல் படலம் மெலிது. வீசும் காற்றே வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது, நீர் மிச்சமாகிறது. இந்தச் சிற்றிலைகளின் இடைவெளியில் வெயில் சலித்து இறங்குவதால் மரத்தடியிலும் புல் வளர முடிகிறது. கோடையில் பழுத்து உதிரும் காய்களை ஆடு மாடு விரும்பித் தின்னும். அதன் கெட்டி விதை வயிற்றுக்குள் போய் வருவதில் ஓடு இளகி, சாணியிலும் புழுக்கையிலும் முளைக்கத் தயாராகிறது.

கொழுக்கட்டைப்புல் ஆண்டுக்கணக்கில் வாழும் புல். கோடையில் மேலே காய்ந்து வைக்கோலாகக் கிடக்கும், அடியில் வேர்க்கட்டை உயிரோடு இருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் சில நாட்களில் பச்சை தட்டிவிடும். சோளம், கம்பு, கரும்பு ஆகியவற்றுக்குள்ள ஒளிச்சேர்க்கை முறையே இதற்கும் உண்டு. கார்பன் டை ஆக்சைடை இலைக்குள்ளேயே செறிவாக்கிக்கொள்வதால், இலைத்துளைகளை அதிகம் திறக்காமலே உணவு தயாரிக்க இதனால் முடியும். கடும் வெயிலிலும் வேலை நிற்காது.

மூன்றாவது, கிளுவை. சித்திரை வெயிலில் கிளுவை வேலியைப் பார்க்கிறவர் அது செத்துவிட்டது என்றே நினைப்பார். ஓர் இலைகூட இருக்காது, முள்ளும் குச்சியுமாக நிற்கும். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மேல்தோலுக்கு அடியில் பளிச்சென்று பச்சை தெரியும், பிசின் மணம் வீசும். அந்தப் பச்சை பச்சையம்தான். இலை வைத்திருந்தால் நீர் போகும் என்று இலையை உதிர்த்துவிட்டு, தண்டின் பச்சையத்தைக் கொண்டே காலத்தை ஓட்டுகிறது இந்தச் செடி. போத்தை வெட்டி நட்டால் வேர்விடும். அதனால்தான் வேலிக்கு இதைத் தேர்ந்தெடுத்தார்கள். கம்பி வேலி துருப்பிடிக்கும், கிளுவை வேலி ஆண்டுக்காண்டு அடர்த்தியாகும்.

நடக்கும்போது எதைப் பார்ப்பது?

முட்காட்டில் அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து பார்ப்பதில் லாபம் அதிகம். மரத்தடியில் மழை படாத பொடி மண்ணில் சின்னச் சின்னப் புனல் குழிகள் இருக்கும். அடியில் ஒளிந்திருப்பது குழியானை. தட்டான் சாயலில் பறக்கும் ஒரு பூச்சியின் இளம்பருவம் அது. பின்னோக்கிச் சுற்றிச் சுற்றி நகர்ந்து, தலையால் மண்ணை வீசியெறிந்து குழி தோண்டும். உலர்ந்த மணல் சரியாமல் நிற்கக்கூடிய சாய்வுக்கு ஓர் உச்ச அளவு உண்டு, சுமார் 30 முதல் 35 பாகை. குழியின் சுவர் அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது. எறும்பு கால் வைத்ததும் சுவர் சரிகிறது. ஏற முயன்றால், கீழிருந்து குழியானை மண்ணை வாரி அடித்து இன்னும் சரிய வைக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மணலின் இயற்பியலைச் சொல்லித்தர இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது. புல் குச்சியால் ஓரத்திலிருந்து ஒரு மணலைத் தட்டிவிட்டால் போதும், அடியிலிருந்து பதில் வரும்.

சற்றுத் தள்ளிப் புற்று இருக்கும். ஈரமான காடுகளில் உதிர்ந்த இலையையும் மரத்தையும் மக்கச் செய்வதில் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் பெரும்பங்கு. ஆண்டின் பெரும்பகுதி ஈரமே இல்லாத இந்த மண்ணில் அந்த வேலையின் கணிசமான பங்கைக் கறையான் செய்கிறது. புற்றுக்குள் ஈரத்தைக் காத்துக்கொண்டு, தின்று கொண்டுவந்த மரத்தூளில் பூஞ்சையை வளர்க்கிறது. மழைக்காலத்தில் புற்றைச் சுற்றி முளைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்திலிருந்து வருவது. கறையான் குடையும் வழிகளில் மழைநீர் உள்ளே இறங்குகிறது. பூங்காவை அழகுபடுத்துவதற்காகப் புற்றை இடித்தால், மண்ணுக்கு உரமும் நீரும் சேரும் வழி அடைபடும்.

பாதையோரத்து எருக்கிலையைத் திருப்பினால் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரிபோட்ட புழு இருக்கலாம். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எருக்கம்பாலின் நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்வதால் ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை தொடாது. அந்த வரிகள் ஓர் எச்சரிக்கைப் பலகை. எருக்கைக் களையென்று பிடுங்கினால் இந்தப் பூச்சியும் போகும். முள்மரத்தில் வெட்டுக்கிளி ஒன்று முள்ளில் குத்தப்பட்டுத் தொங்கினால் பயப்பட வேண்டாம். இரையை முள்ளில் மாட்டிவைத்துப் பிறகு வந்து தின்பது கீச்சான் குருவியின் பழக்கம். முள் இல்லாத பூங்காவில் கீச்சானுக்கு வேலை இல்லை.

இதையெல்லாம் காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் பார்ப்பது நல்லது. மழை விட்ட கார்த்திகை, மார்கழி சிறந்த காலம். ஆவாரம்பூவும் புல்லின் கதிரும் பூச்சிகளும் ஒருசேர நிறைந்திருக்கும்.

பாதை ஒன்றே போதும்

நடைபாதை இல்லாமல் மக்கள் வரமாட்டார்கள். பாதை அதிகமானால் காடு இருக்காது. இதற்கும் அறிவியல் வழி காட்டுகிறது. மனிதர் நடக்கும்போது மண் இறுகுகிறது. மண்துகள்களுக்கிடையே இருக்கும் காற்றறைகள் நசுங்கி, மழைநீர் உள்ளே போகாமல் மேலோடு ஓடி மண்ணை அரிக்கிறது. புல் வேர் மூச்சுத் திணறுகிறது. உலகம் முழுவதும் காட்டுப் பாதைகளை ஆராய்ந்தவர்கள் ஒரு பொதுப் போக்கைக் கண்டார்கள்: சேதத்தின் பெரும்பகுதியை முதலில் நடக்கும் சிலரே செய்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் நூற்றுக்கணக்கானவர்கள் கூட்டும் சேதம் ஒப்பளவில் குறைவு. ஆகவே பத்துப் பாதைகளில் பத்துப் பத்துப் பேராக நடப்பதைவிட, ஒரே பாதையில் நூறு பேரும் நடப்பதுதான் காட்டுக்கு நல்லது.

பாதை ஒரு சுற்றாக வளைந்து வந்து சேர வேண்டும், நடுப்பகுதியை அறுக்கக் கூடாது. சிமென்ட் கல் பதிக்கத் தேவையில்லை. சரளை பரப்பினாலே நீரும் இறங்கும், காலும் வழுக்காது. இரவில் விளக்கு எரியக் கூடாது. விளக்கைச் சுற்றும் பூச்சி இரையும் தேடாது, இணையும் சேராது, விடியும்போது செத்துக் கிடக்கும். உதிர்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்துவதையும் நிறுத்த வேண்டும்.

குளிர்ச்சி பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இலைகள் 5 லிட்டர் நீரை ஆவியாக்கினால் அது எடுக்கும் வெப்பம், ஒரு டன் ஏசி ஒரு மணி நேரம் ஓடி வெளியேற்றும் வெப்பத்துக்கு ஏறத்தாழச் சமம். மரம் குளிர்விக்கும் என்பது வெறும் பேச்சல்ல. ஆனால் வறட்சியில் முட்காட்டு மரங்கள் இலைத்துளையைப் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அப்போது நமக்குக் கிடைப்பது நிழலின் குளிர்ச்சி. நேர்வெயில் தலையிலும் தரையிலும் விழாமல் தடுப்பதே நடப்பவருக்குப் பெரிய உதவி. தண்ணீர் லாரி வைத்துப் பச்சையைக் காப்பாற்றுவதைவிட, தண்ணீர் கேட்காத நிழல் இந்த ஊருக்கு நீடிக்கும்.

வேலி ஒரு வழித்தடம்

சிறு காட்டின் பெரிய பலவீனம் தனிமை. மெக்ஆர்தரும் வில்சனும் சொன்ன தூரம் இங்கேதான் வேலை செய்கிறது. அக்கம்பக்கத்துக் காட்டிலிருந்து புதிய உயிர்கள் வந்து சேர வழி இல்லையென்றால், ஓரினம் அழிந்ததும் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

திண்டுக்கல் மாவட்டத்துக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. 2022 அக்டோபரில் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பை கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் இது. தேவாங்கு இரவில் இரை தேடும். பயிருக்குக் கேடு செய்யும் பூச்சிகளையும் தின்னும். குரங்கைப் போல அதனால் தாவ முடியாது. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கிளையை எட்டிப் பற்றியே நகரும். கிளைகள் தொடர்ந்து இருந்தால்தான் அதற்குப் பாதை. தரையில் இறங்கினால் நாயும் வண்டியும் எமன். முள்மரங்களும் உயிர்வேலிகளும் தொடர்ச்சியாக இருக்கும் நிலம் இப்படிப்பட்ட விலங்குகளுக்கு வழியாகிறது. வேலியை வெட்டிக் கல்தூணும் கம்பியும் நடும்போது பறவைக்கும் ஓணானுக்கும் கீரிக்கும் இருந்த வழியும் அறுந்துபோகிறது. ஊரில் அமைக்கும் சிறு காட்டையும் சுற்றியுள்ள கொறங்காடுகளையும் கிளுவை வேலிகளால் இணைத்தால், ஐந்து ஏக்கர் காடு ஐந்து ஏக்கரோடு நிற்காது.

இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. நகராட்சி ஒரு சதுரமான புறம்போக்கை ஒதுக்க வேண்டும். அங்கே சீமைக்கருவேலம் மண்டியிருந்தால், அதில் இப்போது அடைந்திருக்கும் பறவைகள் வீடிழக்காதபடி பகுதி பகுதியாக எடுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கைப் புல்லுக்கு விட வேண்டும். கோடையில் வெள்வேல் நெற்றைப் பொறுக்கிவைக்கலாம். கொழுக்கட்டைப்புல் விதையை விவசாயிகளிடமே வாங்கலாம். மழை தொடங்கும்போது கிளுவைப் போத்துகளை நடலாம். பள்ளி மாணவர்கள் ஒவ்வொரு மாதமும் எந்தப் பறவை வந்தது, எது பூத்தது என்று எழுதிவைத்தால், சில ஆண்டுகளில் இந்த வட்டாரத்தின் பருவங்களைப் பற்றி நல்ல அறிவியல் பதிவு நம் கையில் இருக்கும். இதற்கு வெளியூர் நிபுணர் வரவேண்டியதில்லை. எந்த மரம் எப்போது காய்க்கும், எந்தப் புல் எந்த மழைக்குத் துளிர்க்கும் என்பதைக் கொறங்காட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அடுத்த மரம் நடு விழாவுக்குக் கன்றுப் பட்டியல் தயாரிக்கும் முன் அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்துக் கேட்டால், ஒட்டன்சத்திரம் தனக்கேற்ற காட்டைத் தானே வளர்த்துக்கொள்ளும்.